அலபாமா பாட்டியின் மூன்று க்வில்ட்டுகள்: டிசைனை எங்கிருந்து படிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு மூன்று கேள்விகள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், தென்பகுதியில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பத்தார், தங்கள் கொள்ளுப்பாட்டி கையால் தைத்த மூன்று பழைய க்வில்ட்டுகளை, கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் தந்திருக்கிறார்கள். நீங்களும் கையால் தைப்பவர். இந்த டிசைன்களுக்குப் பெயர் என்ன, இவை 1850-களைச் சேர்ந்தவை என்று அவர்கள் சொல்வது சரிதானா, அடிமைகள் தப்பிச் செல்ல வழிகாட்டிய ரகசியக் குறிகள் இவற்றில் உண்டா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “அளவெடுத்து அப்படியே தைத்துப் பார்த்தேன், என்னுடையது செத்துப்போய்க் கிடக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பாட்டி என்ன நினைத்துத் தைத்தார், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. மற்ற மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

எனக்குப் பழைய துணிகளைப் பாதுகாக்கும் துறையில் பயிற்சி. இருபது வருடங்களுக்கும் மேலாகப் பழைய போர்வைகளை மேசையில் விரித்து, அளந்து, பழுது பார்த்து, பதிவு செய்வதுதான் என் வேலை. வீட்டில் நானும் தைக்கிறேன். உங்களுடைய மூன்றையும் நான் தொட்டுப் பார்த்ததில்லை, நீங்கள் போட்ட படங்களில்தான் பார்த்தேன். படத்தை வைத்து வடிவத்தைச் சொல்லலாம், துணியின் வயதை ஓரளவு ஊகிக்கலாம். நிறத்தையும் நூலையும் பற்றிப் படம் சொல்வதை நம்ப முடியாது. எது உறுதி, எது ஊகம் என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

க்வில்ட்டோடு பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க முழுப் பரப்பிலும் ஓட்டுத் தையல் போடுவார்கள். ஆக ஒரு க்வில்ட்டில் இரண்டு டிசைன்கள் இருக்கின்றன: துண்டுகள் சேர்ந்து உண்டாக்குவது ஒன்று, மேலே ஓடும் தையல் கோடுகள் உண்டாக்குவது இன்னொன்று. முதலாவதை எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை, ஆனால் தைத்தவரின் கை அதில்தான் அதிகம் தெரியும்.

பெயர்களிலிருந்து தொடங்குகிறேன், அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உங்கள் முதல் படத்தில் நீல டெனிமும் சாம்பல் நிற வேலைத் துணிகளும் நீளநீளப் பட்டைகளாக இருப்பதை, உழைக்கும்போது போட்ட துணிகளில் செய்த க்வில்ட் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டாவதில் நான்கு பெரிய கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். இதை நாடு முழுக்க லாக் கேபின், அதாவது மரக்கட்டைக் குடிசை என்ற குடும்பத்தில் சேர்ப்பார்கள். உங்கள் பக்கத்து ஊர்களில் ஹவுஸ்டாப், வீட்டுக்கூரை என்பார்கள். மூன்றாவது சந்தேகத்துக்கு இடமில்லாமல் டபுள் வெட்டிங் ரிங், ஒன்றோடொன்று கோத்த மோதிரங்கள். பெயர்கள் அவ்வளவுதான்.

இந்தப் பெயர்களுக்கு மேல் அதிகம் அலைய வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவற்றில் பாதிக்கு மேல் அச்சில் பிறந்தவை. செயின்ட் லூயிஸ் நகரத்து லேடீஸ் ஆர்ட் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தபாலில் டிசைன் விற்றது. கான்சாஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை டிசைன்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. ஒரே வடிவத்துக்கு ஊருக்கு ஊர், பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு பெயர். பார்பரா பிராக்மன் என்ற ஆய்வாளர் இப்படி அச்சில் வந்த ஒட்டு வடிவங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி எண் போட்டு வகைப்படுத்தியிருக்கிறார். அதில் உங்கள் வடிவத்தைத் தேடிப் பிடித்தால், அது எப்போது முதன்முதலில் அச்சேறியது என்று தெரியும். அது பயனுள்ள தகவல். ஆனால் அந்தப் பாட்டி அதை என்ன பெயரில் அழைத்தார் என்பதை எந்தத் தொகுப்பும் சொல்லாது. குடும்பத்தார் ஒரு பெயர் சொன்னால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும், புத்தகப் பெயர் அடைப்புக்குறிக்குள் போகட்டும்.

சரி, வயது. 1850-கள் என்பது மூன்றுக்கும் பொருந்தாது. மோதிர க்வில்ட்டைப் பற்றி நான் உறுதியாகவே சொல்வேன். இதைப் போன்ற கோத்த வளைய வடிவங்கள் அதற்கு முன்பும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்த வடிவம் 1920-களின் கடைசியில் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் நாடெங்கும் பரவியது. உங்கள் படத்தில் தெரியும் இளம்பச்சை, ரோஜா, மஞ்சள் பூத்துணிகளும் 1930-களின் நிறங்கள். அதில் ஒரு துண்டின் ஓரமாக வரிசையாகச் சிறு துளைகள் தெரிகின்றன, பெரிதாக்கிப் பார்த்தேன். கோழித் தீவனமும் மாவும் வந்த பருத்தி மூட்டைகளைச் சங்கிலித் தையலால் மூடியிருப்பார்கள். நூலை உருவினால் துணி விரிந்துவிடும், துளைகள் மட்டும் நிற்கும். 1920-கள் தொடங்கி மூட்டைக்காரர்கள் பெண்களைக் கவரப் பூப்போட்ட துணியிலேயே மூட்டை தைத்து விற்றார்கள். அந்தத் துளைகள் மூட்டைத் துணி என்பதற்கு நல்ல அடையாளம், முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். வேறு தையல் பிரித்த துணியிலும் துளை இருக்கும்.

குடும்பத்தார் பொய் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். அந்த வீட்டு மூத்தவருக்கு 74 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கொள்ளுப்பாட்டி என்றால், தலைமுறைக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வருடம் வைத்தாலும், 1880-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். 1865-இல் அடிமை முறை முடிந்த பிறகு பிறந்தவர். 1930-களில் அவருக்கு ஐம்பது வயது. அந்த வயதில் மோதிர க்வில்ட் தைத்தார் என்பது மிகவும் பொருந்துகிறது. 1850-கள் என்ற பேச்சு அவருடைய தாயைப் பற்றிய நினைவாக இருக்கலாம். குடும்பக் கதைகளில் இரண்டு தலைமுறை ஒன்றாகக் கலப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கதையைத் தூக்கி எறியாதீர்கள், யாருடைய கதை என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

வயதைக் கணிக்கும்போது எங்கள் தொழிலில் மாறாத விதி ஒன்று உண்டு. ஒரு க்வில்ட்டில் இருப்பவற்றிலேயே எது மிகப் புதிய துணியோ, அதற்கு முன் அந்த க்வில்ட் முடிந்திருக்க முடியாது. பழைய துணி எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது, ஏனென்றால் துணுக்குகளை ஐம்பது வருடம் பெட்டியில் வைத்திருந்தவர்கள் உண்டு. மேல்துணியை ஒரு தலைமுறை இணைத்து வைக்க, பஞ்சு வைத்துத் தைத்தது அடுத்த தலைமுறை என்பதும் சாதாரணம். அதனால் அடித்துணி, ஓரப்பட்டி, தையல் நூல் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

உங்களிடம் இரண்டு பேர் இரண்டு சோதனைகள் சொல்வார்கள், இரண்டிலும் கவனம் வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பஞ்சில் பருத்திக் கொட்டைத் துணுக்குகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும், அப்படித் தெரிந்தால் எலி விட்னி 1794-இல் காப்புரிமை வாங்கிய பருத்தி இயந்திரத்துக்கு முந்தையது என்பார்கள். அது தவறு. இயந்திரத்தில் அரைத்த மலிவான பஞ்சிலும் கொட்டைத் துணுக்கு இருக்கும், சொந்த வயலில் பொறுக்கிய பஞ்சிலும் இருக்கும். அடுத்தது புற ஊதா விளக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் அந்த விளக்கில் நீலமாக ஒளிரும். ஒளிரும் நூல் இருந்தால் புதியது என்று முடிவு கட்டுவதற்கு முன், யாராவது அதை இந்தக் காலத்துச் சோப்புத்தூளில் துவைத்தார்களா என்று கேளுங்கள். சோப்பில் இருப்பதும் ஒட்டிக்கொள்ளும். தையல் இயந்திரத் தையல் தெரிந்தாலும் புதியது என்று நினைக்க வேண்டாம். எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றது 1846-இல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இயந்திரத்தில் இணைத்துக் கையால் தைத்த க்வில்ட்டுகள் ஏராளம்.

இப்போது கூரை க்வில்ட்டுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நீங்கள் நகலெடுத்தது இதைத்தானே? நீங்கள் செய்தது எனக்குப் புரிகிறது. ஒரு கட்டத்தை அளந்தீர்கள், பட்டை அகலத்தைச் சராசரி எடுத்தீர்கள், நான்கு கட்டத்தையும் அந்த அளவுக்கே வெட்டினீர்கள். சராசரி எடுத்த அந்த நொடியில் பாட்டி காணாமல் போய்விட்டார். அவர் எங்கெங்கே முடிவெடுத்தாரோ அந்த இடங்கள்தான் அளவு மாறும் இடங்கள்.

மறுபடி அளங்கள், ஆனால் வேறு விதமாக. மேசையில் வெள்ளைப் பருத்தி விரிப்பு போட்டு க்வில்ட்டைத் தளர்வாக விரியுங்கள், இழுக்காதீர்கள். நான்கு கட்டங்களிலும் நடுச்சதுரத்தை முதலில் அளங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, பட்டைகள் மட்டும் மாறினால், சதுரத்துக்கு அவரிடம் ஓர் அட்டை இருந்திருக்கிறது, பட்டைக்கு இல்லை, கண்ணளவில் கிழித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். வெட்டினாரா கிழித்தாரா என்பதையும் பார்க்கலாம். தையல் பிரிந்த இடத்தில் உள்ளே மடிந்த ஓரம் நூல் நூலாக, இழையோடு நேராக ஓடினால் கிழித்தது. அடுத்து, ஒவ்வொரு பட்டையிலும் பாவு, அதாவது நெசவின் நீளவாக்கு இழை, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். எல்லாம் நீளவாக்கில் இருந்தால் துணி தாராளமாக இருந்தது. சில குறுக்கே, சில கிராஸாக, அதாவது மூலைவாட்டில், இருந்தால் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். கிராஸாக வெட்டிய பட்டை இழுபடும், அதனால் அந்தப் பக்கம் கட்டம் புடைத்து நிற்கும். உங்கள் படத்தில் கீழ் வலது கட்டம் சற்றுச் சாய்ந்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். இது ஊகம், கையில் வைத்துப் பார்க்கும் உங்களால் உறுதி செய்ய முடியும்.

பிறகு வரிசை. எந்தப் பட்டை எதற்கு முன் தைக்கப்பட்டது? ஒரு பட்டையின் முனை அடுத்த பட்டையின் தையலுக்குள் போய் மறைந்தால், அது முந்தையது. இப்படி நடுவிலிருந்து வெளியே எண் போட்டுக்கொண்டே வாருங்கள். காகிதத்தில் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு பட்டைக்கும் வரிசை எண், அகலம், துணி மூன்றையும் எழுதுங்கள். இரண்டு மணி நேர வேலை, ஆனால் முடிக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தது போல இருக்கும். கோடுபோட்ட நீலச் சட்டைத் துணி மூன்றாம் சுற்றில் மூன்று பக்கம் வந்து, நான்காவது பக்கம் பாதியில் முடிந்து, பழுப்புத் துணி ஒட்டுப் போடப்பட்டிருக்கிறதே, கவனித்தீர்களா? அங்கே துணி தீர்ந்தது. அதுவரை விபத்து. ஆனால் அடுத்த கட்டத்தில் துணி இருந்தும் அதே இடத்தில் பழுப்பு ஒட்டு வருகிறது. துணி போதாமல் வந்த ஒட்டு அவருக்குப் பிடித்துப்போய், அடுத்த முறை வேண்டுமென்றே போட்டிருக்கிறார். இரண்டு கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்தார் என்று வைத்துக்கொண்டால்தான் இந்த வாசிப்பு நிற்கும், அதைத் துணிகள் தீரும் வரிசையை வைத்து நீங்கள் சரிபார்க்கலாம். இதைத்தான் நான் டிசைன் என்கிறேன்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீங்கள் இப்போது பார்ப்பது அவர் தேர்ந்தெடுத்த நிறம் இல்லாமல் இருக்கலாம். 1884-இல் காங்கோ சிவப்பு என்ற சாயம் வந்தது. சாயம் பிடிக்கச் சேர்க்கும் பொருள் எதுவும் இல்லாமல் பருத்தியில் நேரே ஏறும், மலிவு. ஆனால் நிற்காது, துவைக்கத் துவைக்க இளஞ்சிவப்பாகி, கடைசியில் வெளிறிய காவியாகிவிடும். தென் மாநிலத்துக் கிராமப்புற க்வில்ட்டுகளில் இது நிறைய. அந்தக் காலத்துச் செயற்கைப் பச்சையும் இப்படித்தான், காய்ந்த புல் நிறத்துக்குப் போய்விடும். மாறாக, டர்க்கி சிவப்பு என்ற பழைய சாயம் நூறு வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும், அவுரி நீலமும் மெதுவாகத்தான் மங்கும். அதனால் உங்கள் கூரை க்வில்ட்டில் மூன்று சுற்றுகளில் வரும் அந்த மணல் நிறத்தை நம்பாதீர்கள். தையல் விட்டுப்போன ஓரிடத்தில் உள்ளே மடிந்த துணியைப் பாருங்கள், வெளிச்சம் படாத இடத்தில் பழைய நிறத்தின் சாயல் மிஞ்சியிருக்கும். அங்கே சிவப்பு தெரிந்தால், நீங்கள் சாந்தமான பழுப்பு க்வில்ட் என்று நினைத்தது ஒரு காலத்தில் நீலத்துக்கு நடுவே சிவப்பு எரிந்த க்வில்ட். நகலெடுத்தபோது உயிர் வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கறுப்பு, கரும்பழுப்புத் துணிகள் தூளாக உதிர்ந்திருந்தால் அது சாயத்தில் சேர்த்த இரும்பின் வேலை. அங்கே விரல் வைக்காதீர்கள்.

இப்போது மேல் தையல். விளக்கை அணைத்து, ஒரு கைவிளக்கைத் துணியின் பரப்பை ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். மேடு பள்ளம் எழுந்து தையல் கோடுகள் தெளிவாகத் தெரியும், அப்படியே படம் எடுங்கள். உங்கள் மூன்றாவது படத்தின் ஓரத்தில் எனக்கு வில் வில்லாக வளைவுகள் தெரிகின்றன. அதற்குப் பாப்டிஸ்ட் ஃபேன், அதாவது பாப்டிஸ்ட் விசிறி, என்று பெயர். முழங்கையை, க்வில்ட்டை இழுத்துப் பிடிக்கும் சட்டத்தில் ஊன்றிக் கையை வீசினால் தானாக வரும் வளைவு, அளவுகோல் தேவையில்லை. அதனால் ஒவ்வொரு விசிறியின் அகலமும் அந்த உடம்பின் அளவு. விசிறிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று குறியுங்கள். இரண்டு எதிர் ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி வந்து நடுவில் மோதினால், சட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று பத்து இடத்தில் மேல்பக்கம் மட்டும் எண்ணுங்கள். ஓரிடத்தில் எட்டு, இன்னோரிடத்தில் நாலு என்று இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட கைகள், அல்லது ஒரே கை பல வருட இடைவெளியில். எது என்று தையலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ‘கொள்ளுப்பாட்டி தைத்தது’ என்பதில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இங்கேதான் தெரியவரும்.

ரகசியக் குறிகளைப் பற்றி நேராகவே சொல்கிறேன், வருத்தப்பட வேண்டாம். அடிமைகளைத் தப்பிக்க வைத்த ரகசியப் பாதைக்கு க்வில்ட் வடிவங்கள் சங்கேதமாக இருந்தன என்ற கதை, 1999-இல் வெளிவந்த ஒரு புத்தகத்தின் மூலம் பரவியது. அது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் க்வில்ட் விற்ற ஒரு பெண் சொன்ன குடும்பக் கதையை அடிப்படையாகக் கொண்டது. தப்பி வந்தவர்களே எழுதிய வாழ்க்கை வரலாறுகளிலோ, முன்னாள் அடிமைகளிடம் 1930-களில் அரசு எடுத்த பேட்டிகளிலோ இதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதே வரலாற்றாசிரியர்களின் முடிவு. அந்தப் பட்டியலில் டபுள் வெட்டிங் ரிங்கும் வருகிறது, அது பரவிய காலத்தை மேலே சொன்னேன். ஆகவே உங்கள் மோதிர க்வில்ட் வழிகாட்டியிருக்க முடியாது. இதைக் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பொறுப்பு. நானாக இருந்தால் அவர்கள் கேட்கும் வரை சொல்ல மாட்டேன், கேட்டால் மறைக்கவும் மாட்டேன். இதே வகையில், இறைவன் மட்டுமே குறையற்றவர் என்பதால் வேண்டுமென்றே ஒரு தவறு விட்டுத் தைப்பார்கள் என்ற பேச்சும் உண்டு. அந்தக் காலத்துப் பெண்கள் அப்படிச் சொன்னதற்குப் பழைய ஆதாரம் இல்லை. கோணலான கட்டத்தைப் பார்த்ததும் அந்த விளக்கத்துக்குத் தாவினால், துணி தீர்ந்த இடத்தைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

ஆப்பிரிக்க வேர் பற்றிய கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படிக்கப் படிக்க வரும். பட்டைகளாகச் சேர்ப்பது, கூசும் அளவுக்கு எதிர் நிறங்களை அடுத்தடுத்து வைப்பது, திடீரென வரிசையை முறிப்பது ஆகியவை மேற்கு ஆப்பிரிக்காவில் குறுகலாக நெய்த துணிகளை இணைக்கும் மரபின் தொடர்ச்சி என்று 1970-கள், 80-களில் சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். க்வில்ட் வரலாற்றாய்வாளர் குவெஸ்டா பென்பரி போன்றவர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் எல்லா விதமான க்வில்ட்டும் தைத்தார்கள், நுணுக்கமான அளவெடுத்த வேலையும் அவர்களுடையதே, ஒரே பாணியில் அடைக்காதீர்கள் என்று திருத்தினார்கள். பட்டை க்வில்ட்டுகள் வேல்ஸிலும் வட இங்கிலாந்திலும் உண்டு. எனக்குப் பென்பரி சொன்னதே சரியென்று படுகிறது. அந்தப் பாட்டியே கூரையையும் தைத்திருக்கிறார், பத்திரிகை மோதிரத்தையும் தைத்திருக்கிறார்.

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு நல்ல துணை இருக்கிறது. வில்காக்ஸ் கவுன்டியில் அலபாமா ஆறு வளையும் இடத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர், இன்றைய பெயர் பாய்கின். அங்கத்துப் பெண்களின் க்வில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்டப்பட்டன, 2006-இல் தபால்தலையாகவும் வந்தன. ஹவுஸ்டாப் என்ற பெயர் பரவலாகத் தெரிந்ததே அவர்களால்தான். அங்கே மிசூரி பெட்வே என்பவர் 1942-இல், இறந்துபோன கணவரின் வேலை உடைகளைப் பிரித்து ஒரு க்வில்ட் தைத்தார். அவர் ஏன் தைத்தார் என்பதை மகள் ஆர்லோன்சியா பின்னால் சொன்னதால் நமக்குத் தெரியும். கணவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய துணிக்கு அடியில் படுக்கவும். மகள் சொல்லியிருக்காவிட்டால் அது வெறும் பட்டை அமைப்பு. உங்கள் முதல் படத்தில் உள்ள டெனிம் க்வில்ட்டைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பாக்கெட் இருந்து பிரித்த இடங்கள் கரும்நீலச் சதுரமாக நிற்கின்றன, முட்டிப் பகுதி வெளுத்திருக்கிறது. எல்லாம் ஒரே ஆளின் உடைகளா? கால்சட்டை நீளத்தையும் பாக்கெட் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யாருடையது என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கேட்டு எழுதி வைப்பதன் மதிப்புக்கு இன்னொரு உதாரணம் ஹாரியட் பவர்ஸ். ஜார்ஜியாவின் ஏதன்ஸ் பக்கம் 1837-இல் அடிமையாகப் பிறந்தவர். 1886-இல் அவர் காட்சிக்கு வைத்த விவிலியக் கதை க்வில்ட்டை ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தரவில்லை. 1891-இல் கஷ்ட காலம் வந்து ஐந்து டாலருக்கு விற்றார். விற்கும்போது ஒவ்வொரு கட்டமும் என்ன என்று விளக்கிச் சொன்னார், ஸ்மித் எழுதிக்கொண்டார். இன்று அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாமல் அதை நம்மால் பாதிகூடப் படித்திருக்க முடியாது.

அப்புறம், உங்கள் நகல். அதே துணி, அதே அளவு தேட வேண்டாம். அவருடைய கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிழிந்த நான்கு ஐந்து சட்டைகளை எடுத்துப் பிரியுங்கள், கடையில் எதுவும் வாங்காதீர்கள். நடுச்சதுரத்துக்கு மட்டும் அட்டை வெட்டுங்கள். பட்டைகளைக் கிழியுங்கள். நீங்கள் எழுதிவைத்த வரிசைப்படி ஒரு கட்டம் தையுங்கள், துணி தீரும்போது அவர் செய்தது போல அடுத்ததை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஒரு கட்டம் முடிந்ததும் சுவரில் மாட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். நான் இப்படி ஒரு கூரைக் கட்டத்தை ஏழு முறை தைத்தேன். ஐந்தாவதில்தான் பட்டையின் அகலத்தைக் கை தானாக முடிவு செய்யத் தொடங்கியது. வெளியே காட்டினால் எந்தக் குடும்பத்து க்வில்ட்டிலிருந்து கற்றது என்று, அவர்கள் சம்மதத்தோடு, சொல்லிவிடுங்கள்.

கடைசியாகச் சில செய்யக் கூடாதவை. துவைக்க வேண்டாம், ஓர் ஓரத்தைக்கூட நனைக்க வேண்டாம், அந்தக் காலத்துச் சிவப்பு ஓடினால் திரும்பாது. வெயிலில் போட வேண்டாம். பிளாஸ்டிக் பையில் வைக்காமல் பழைய பருத்தி விரிப்பில் சுற்றுங்கள், மடிப்புகளைச் சில மாதத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். சாயத்தை அறிய எரித்துப் பார்க்கவோ துணுக்கு வெட்டவோ வேண்டாம், அவை உங்களுடையவை அல்ல. பதிவு முழுவதும் தயாரானதும் ஒரு பிரதியைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். அவர்கள் விரும்பினால் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் க்வில்ட் இன்டெக்ஸ் என்ற இணையத் தொகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமான படங்கள் இருக்கின்றன.

டெனிம் க்வில்ட்டின் மூலையில் பிய்ந்து தொங்கும் ஒட்டைத் தைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அதன் அடியில், பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ பூத்துணி தெரிகிறது. தேய்ந்துபோன பழைய க்வில்ட்டை உள்ளே வைத்துப் புதிதைத் தைப்பது கிராமப்புறங்களில் வழக்கம், அப்படியென்றால் உங்களிடம் இருப்பது மூன்று அல்ல, நான்கு. தையல் எதையும் பிரிக்காமல், ஏற்கெனவே திறந்திருக்கும் வழியே மட்டும் சிறு விளக்கு வைத்துப் பாருங்கள், படம் எடுங்கள். அந்த வீட்டு மூத்தவரை அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அந்தப் பூத்துணியை அவர் எங்கேயாவது பார்த்திருக்கக்கூடும்.